மைனஸ் நாற்பதில் ஒரு பந்தயம்

தாம்சன், மனிடோபா
14 நவம்பர் 1976

அன்புள்ள மைரன் அண்ணா,

நான் சுகம். மூக்கு மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால்?

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டும் இங்கேயே ஆசிரியையாக இருக்க விரும்புகிறேன். ஏப்ரல் பதினைந்துக்குள் பள்ளியில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே வருடம், ஜூனில் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ சொல்வாயா?

காரணம் கேட்பாய். பெரிதாக ஒன்றும் இல்லை. இருபத்தேழு பிள்ளைகள். ஜன்னலுக்கு வெளியே குட்டை மரங்கள். நான் யாருடைய மகள் என்று யாருக்கும் தெரியாத ஓர் ஊர்.

அப்பாவின் பச்சைக் கார் உயிரோடு இருக்கிறது. டாஃபினில் என்ஜின் உறையாமலிருக்க நீ இரவில் காரின் ஹீட்டர் பிளக்கை மின்சாரத்தில் செருகுவாய், காலையில் நான் ஓட்டிக்கொண்டு போவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கார். இங்கே குடியிருப்பின் பின்னால் வரிசையாகக் கம்பங்கள். கம்பத்துக்கு இரண்டு பிளக், இரண்டு கார், மூக்கோடு மூக்கு. என் கம்பத்தின் மறுபாதி ஆம்ப்ரோஸ் என்பவருக்கு. நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்காரர். நிக்கல் உருக்காலையில் இரவு ஷிப்ட். நான் எழுவதற்கு முன்பே வந்துவிடுவார். கார் கதவைப் பூட்டாதீர்கள், பூட்டு உறைந்துபோகும் என்றார். சாவியை எல்லோரையும் போல காரின் சாம்பல் கிண்ணத்தில் போட்டுவைக்கிறேன்.

அம்மாவிடம் மெதுவாகச் சொல். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்.

உன் தங்கை,
ஓரிஸ்யா

*

டாஃபின்
25 நவம்பர் 1976

என் வடதுருவத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் காலையில் முனகுகிறது, மதியம் மாதா கோவிலுக்கு நடந்து போகிறது.

சொல்கிறேன். ஆனால் சும்மா சொல்லமாட்டேன். அம்மா ஜூனுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். கூட்டுறவுக் கடை அலுவலகத்தில் உனக்கு வேலைக்கும் சொல்லிவைத்திருக்கிறாள். அந்தக் கார் உன் கையில் ஒரு வடக்குக் குளிர்காலத்தைத் தாண்டாது என்பது என் எண்ணம். பழுதுபார்க்கும் கடையில் எட்டு வருடம் கிடந்தவனின் எண்ணம். ஆகவே பந்தயம்:

டிசம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச் 31 வரை, பள்ளி நாளில் காலை எட்டேகாலுக்குள் கார் ஸ்டார்ட் ஆக வேண்டும். சாவியைத் திருகுவது உன் கை. யாரும் தள்ளக்கூடாது, இழுக்கக்கூடாது, பேட்டரி கடன் தரக்கூடாது. ஒரு நாள் தவறினால் நீ ஜூனில் வீட்டுக்கு வருகிறாய். தவறாவிட்டால் அம்மாவிடம் நானே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறேன்.

மெல்லிய ஆயிலுக்கு மாற்று. ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை செருகு. பெட்ரோலைப் பாதிக்குக் கீழே விடாதே. எதிராளிக்கு இதற்கு மேல் உதவுவது முறையில்லை.

எனக்கும் சில யோசனைகள் இருக்கின்றன. அது கிடக்கட்டும்.

மைரன்

*

தாம்சன்
9 டிசம்பர் 1976

அண்ணாவுக்கு,

உடம்பு சரியாக இருக்கிறது. மானம் போய்விட்டது. அங்கே எல்லோரும் நலமா?

பந்தயத்துக்குச் சம்மதம். ஏழு காலைகள் ஆயின. ஏழு முறையும் ஸ்டார்ட்.

ஆனால் இரண்டாம் தேதி நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். கார் ஒரே திருகில் கிளம்பியது. எனக்குப் பெருமை. வானொலியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இரவு முழுக்க நின்றதில் டயரின் அடி தட்டையாக உறைந்திருந்தது. முதல் கால் மைல் முழுக்கத் தடக் தடக். எதிரே வந்தவர்கள் எல்லோரும் கை காட்டினார்கள். நானும் கை காட்டினேன். நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளி வாசலில் பிள்ளைகள் ஜன்னலோடு ஒட்டி நின்றிருந்தார்கள். இறங்கிப் பார்த்தால் காரின் மூக்கிலிருந்து முப்பதடி ஆரஞ்சு ஒயர், அதன் நுனியில் கம்பத்தின் பிளக் பெட்டி.

பிளக்கைக் கழற்ற மறந்திருந்தேன்.

மாலையில் ஆம்ப்ரோஸ் கம்பத்தடியில் நின்று கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. "டீச்சர், அடுத்த தடவை கம்பத்தையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க. தனியா நிக்குது, பாவம்" என்றார். பிறகு பெட்டியைத் திருப்பிப் பொருத்தினார். நான் புது ஒயர் வாங்கினேன். மறுநாளும் கார் கிளம்பியது.

தோற்கமாட்டேன் என்று தோன்றுகிறது. அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாதுதானே?

ஓரிஸ்யா

*

டாஃபின்
19 டிசம்பர் 1976

ஒயர் இழுத்த வீராங்கனைக்கு,

நலம். சிரித்துச் சிரித்து விலா மட்டும் நலமில்லை. கடையில் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். இருவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மாவுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு நீ வரமுடியாது என்பதை மட்டும் சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு உனக்குக் கம்பளிக் காலுறை பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

உன் கடிதத்தில் காரைப் பற்றிச் சொன்னாய். கம்பத்தைப் பற்றிச் சொன்னாய். அந்தக் கம்பத்துக்காரர் என்ன வயது, எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்கவில்லை. இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

ஜனவரியில் தோற்பாய். எழுதிவைத்துக்கொள்.

மைரன்

*

தாம்சன்
11 ஜனவரி 1977

அன்புள்ள அண்ணா,

காலுறை வந்தது. அம்மாவின் முழங்கால் தாங்குகிறதா? நீ இளைத்துவிட்டதாக அம்மா ஒரு சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறாள், ஏன்?

ஆறாம் தேதி, நம் பழைய காலண்டர்ப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, சாப்பாட்டை நானே சமைத்தேன். பன்னிரண்டு பதார்த்தம் வைக்க வேண்டும், எதிலும் இறைச்சி கூடாது. எட்டோடு நின்றுபோனேன். கோதுமையும் தேனும் கசகசாவும் சரியாக வந்தன. கொழுக்கட்டைகள் பிளந்துகொண்டன. பக்கத்து வீடுகளில் கேட்டேன், ஆம்ப்ரோஸ் மட்டும் வந்தார், ஊரிலிருந்து வந்த உப்புக் கருவாட்டோடு. மீன் நமக்கு ஆகும் என்று அவருக்குத் தெரியாது. கையில் இருந்ததைக் கொண்டு வந்திருக்கிறார். ஊறவைத்து, உருளைக்கிழங்கோடு வேகவைத்து, ஒன்பதாவதாக வைத்தோம். மேஜையில் இல்லாதவர்களுக்காக ஒரு தட்டு வைக்கும் வழக்கத்தைச் சொன்னேன். அவர் அந்தத் தட்டின் ஓரத்தில் ஒரு மீன்துண்டு வைத்தார். அவருடைய அப்பாவும் போய்விட்டாராம். கடலில்.

கார். நேற்று மைனஸ் நாற்பத்தொன்று. பாதி வாசல்களில் கார்கள் இருமிக்கொண்டு நின்றன. நம்முடையது கோடைக்காலம் போலக் கிளம்பியது. பானட்டில் உறைபனிகூட இல்லை. என்ஜினுக்கு அடியில் பனி உருகி ஒரு சிறிய குழி. என் ஹீட்டர் அப்படி வேலை செய்கிறது. உனக்குத் தெரியாத ஏதோ ஒன்று எனக்குக் கைவந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அது என்ன என்றுதான் தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்: மைனஸ் நாற்பதில் அவளுடைய பழைய ஃபாரன்ஹீட் டிகிரியும் வானொலியின் புதிய செல்சியஸ் டிகிரியும் ஒன்றுதான். அந்த ஓர் இடத்தில் அவள் வானொலியோடு சண்டை போட வேண்டாம்.

ஓரிஸ்யா

*

டாஃபின்
3 பிப்ரவரி 1977

ஓரிஸ்யாவுக்கு,

நலம். கடையில் வேலை அதிகம். பதில் எழுத நேரமாகிவிட்டது.

ஒன்று கேட்கிறேன். தோற்றால் வருவாய் அல்லவா? விளையாட்டுக்கு என்று சொல்லமாட்டாய் அல்லவா? தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அம்மா சுகம்.

மைரன்

*

தாம்சன்
16 பிப்ரவரி 1977

அண்ணா,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

தோற்றுவிட்டேன். நேற்று, செவ்வாய்க்கிழமை, மைனஸ் நாற்பத்து மூன்று. சாவியைத் திருகினேன். ஒரு டிக். மறுபடி திருகினேன். அதுவும் இல்லை. கார் ஒரு பாறையாக நின்றது. பள்ளிக்கு இரண்டு மைல் நடந்தேன். இமைகள் ஒட்டிக்கொண்டன. பிள்ளைகள் என்னை ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்து அவர்களே கணக்குப் போட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு நாள் தோல்வி. ஆனால் மாலையில் ஆம்ப்ரோஸ் கதவைத் தட்டினார். அன்று முதல் அவருக்குப் பகல் ஷிப்ட், விடியுமுன்பே உருக்காலைக்குப் போய்விட்டிருந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் சொன்னார்.

டிசம்பர் இரண்டாம் தேதி நான் கம்பத்தை இழுத்துக்கொண்டு போனபோது, என்ஜினுக்குள் போகும் சின்ன ஒயரும் உள்ளே அறுந்துவிட்டிருக்கிறது. வெளியே புது ஒயர், உள்ளே ஒன்றும் இல்லை. என் ஹீட்டர் அன்றிலிருந்து செத்துப்போய்விட்டது. மறுநாள் காலை வேலை முடிந்து வந்தவர் கண்டுபிடித்துவிட்டார்: மற்றக் கார்களின் பானட்டில் பனி இல்லை, என்னுடையதில் ஓர் அங்குலம். அன்று தொடங்கி ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கு, என்ஜினின் மேல் கம்பளியைப் போர்த்தி, கீழே மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து, அரைமணி நேரம் பக்கத்தில் நின்றிருக்கிறார். பிறகு தன் பேட்டரியிலிருந்து கொடுத்து, காரைக் கிளப்பி, சூடாக்கி, அணைத்து, சாவியைச் சாம்பல் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். பனியில் இருந்த குழி அந்த அடுப்பு.

பத்து வாரம், அண்ணா.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சொன்னா நீங்க சரி பண்ணிடுவீங்களே, டீச்சர்" என்றார்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை எழுதமாட்டேன்.

உன் விதிப்படி நேற்று மட்டும் தோற்கவில்லை, டிசம்பர் மூன்றாம் தேதியே தோற்றுவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். யோசித்தேன். முடியவில்லை. ஜூனில் வருகிறேன். விளையாட்டுக்கு என்று சொல்லமாட்டேன்.

நீ சுகமா? அம்மா சுகமா?

ஓரிஸ்யா

*

தாம்சன்
6 மார்ச் 1977

அண்ணா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஜெயித்தவன் இவ்வளவு மௌனமாக இருப்பது உன் வழக்கம் இல்லை.

புது ஹீட்டர் போட்டாயிற்று. கார் இப்போது தானாகவே கிளம்புகிறது. ஆம்ப்ரோஸ் இரவு ஷிப்டுக்குத் திரும்பிவிட்டார். காலை ஆறு மணிக்கு அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் வந்து கம்பத்தடியில் நிற்கிறார். நான் தேநீர் எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். மைனஸ் முப்பதில் தேநீர் நான்கு நிமிடம்தான் சூடாக இருக்கும். நாங்கள் இரண்டாவது கோப்பையும் குடிக்கிறோம்.

ஒப்பந்தத் தாள் மேஜையில் கிடக்கிறது. அதன்மேல் அகராதியை வைத்திருக்கிறேன்.

எதையாவது எழுது. திட்டியாவது எழுது.

ஓரிஸ்யா

*

டாஃபின்
14 மார்ச் 1977

ஓரிஸ்யா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. வெட்கம்தான்.

அம்மா நாள் எண்ணவே இல்லை. கூட்டுறவுக் கடை வேலைக்கு யாரிடமும் சொல்லவும் இல்லை. அதெல்லாம் நான் எழுதியது. வான்கூவரில் ஒரு படகுப் பட்டறையில் எனக்கு மே மாதம் வேலை இருக்கிறது. அக்டோபரிலேயே கேட்டிருந்தார்கள். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? நீ ஜூனில் வருவாய், நான் போகலாம் என்று இருந்தேன். உன் நவம்பர் கடிதம் வந்தது. நேராகக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பந்தயம் கட்டினேன். நீ தோற்பாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காரை எனக்குத் தெரியும்.

நீ தோற்ற கடிதம் வந்ததும் இரண்டு நாள் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் அதை மறுபடி படித்தேன். பனியில் அரைமணி நேரம் நிற்கும் மனிதன் ஒருவன், பொய் சொல்லத் தெரியாத தங்கை ஒருத்தி, நடுவில் நான். அதற்குப் பிறகு பேனா எடுக்க முடியவில்லை.

கடிதத்தை வேலைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சனிக்கிழமை அம்மா துணி துவைத்தாள். மிச்சத்தை அவளே எழுதுகிறாளாம். என்னைப் படிக்கவிடவில்லை. அவள் உறையை ஒட்டிய வேகத்தில் மேஜை ஆடியது.

பந்தயம் ரத்து. மன்னித்துக்கொள்.

மைரன்

*

டாஃபின்
14 மார்ச் 1977

மகள் ஓரிஸ்யாவுக்குத் தாய் தெக்லா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் என்னுடைய முழங்கால், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இனி எந்தக் கடிதத்திலும் அதை விசாரிக்க வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்தேன். என் பேரில் எழுதாததால் படித்திருக்கக் கூடாதுதான். பாதி சோப்புத் தண்ணீரில் போய்விட்டது. மீதி போதுமாக இருந்தது; விட்டதை உன் அண்ணன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

நீ வராவிட்டால் நான் செத்துப்போவேன் என்று எப்போது சொன்னேன்? உன் அண்ணன் போனால் அழுவேன் என்று யாரிடம் சொன்னேன்? என்னை ஒரு பழைய கார் என்று நினைத்துவிட்டீர்கள் இரண்டு பேரும். யாராவது பிளக் செருகி வைக்காவிட்டால் காலையில் எழுந்திருக்கமாட்டேன் என்று. ஐம்பத்தொன்றாம் வருஷம் உன் அப்பா மரம் வெட்டப் போயிருந்தபோது லாரியைக் கிளப்பியது யார்? பிளக்கும் இல்லை, கம்பமும் இல்லை. ராத்திரி ஆயிலை வாளியில் வடித்து அடுப்புக்குப் பின்னால் வைப்பேன். காலையில் சூடாகத் திருப்பி ஊற்றுவேன். அடியில் ஒரு தட்டுத் தணல். உன் அண்ணன் அப்போது வயிற்றில் இருந்தான். அவனுக்கு நினைவில்லாமல் போயிற்று.

மாடி அறை இரண்டும் காலியானால் தையல் மிஷினை வெளிச்சத்துக்கு மாற்றலாம் என்று நாலு வருஷமாகக் காத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னால் துரத்துகிறாள் என்பீர்கள் என்று சும்மா இருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

அந்த மீன்காரப் பையன் அடுப்பை எவ்வளவு தள்ளி வைத்தான் என்று தெரிய வேண்டும். கிட்டே வைத்தால் என்ஜின் எரியும், எட்ட வைத்தால் மண்ணெண்ணெய் தண்டம். ஈஸ்டருக்கு ரயிலில் வருகிறேன். நானே கேட்டுக்கொள்கிறேன். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று எழுது.

தாய்
தெக்லா

*

தாம்சன்
13 ஏப்ரல் 1977

அன்புள்ள அண்ணா,

நானும் அம்மாவும் சுகம். நீ தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். முழங்காலைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து வந்தவள் போல அவள் இறங்கவில்லை. கையில் ஈஸ்டர் ரொட்டிக் கூடை. நடைமேடையிலேயே ஆம்ப்ரோஸைப் பார்த்து அளவெடுத்தாள். காருக்கு வந்ததும் முதல் காரியமாகக் குனிந்து என்ஜினுக்கு அடியில் பார்த்தாள். எவ்வளவு தள்ளி என்று கேட்டாள். அவர் கையை விரித்து ஒன்றரை ஜாண் காட்டினார். அம்மா தலையை ஆட்டினாள். எனக்கு மூச்சு வந்தது.

உன் மேல் கோபமில்லை, அண்ணா. கொஞ்சம் இருந்தது. அம்மா வந்து மேஜையில் உட்கார்ந்ததும் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நான்கூட வாய் திறந்து கேட்கத் தெரியாமல்தானே உன்னைத் தூது அனுப்பினேன். நாம் இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மேஜை நிறைந்து கிடந்தது. ஆம்ப்ரோஸ் முட்டைக்கோஸ் சுருளை ஏழாவது தடவையாக எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். நான் மொழிபெயர்க்க வேண்டும் என்றுகூடப் பார்க்காமல், தனக்கு வரும் ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

"குளிர் போயிடுச்சு தம்பி. இனிமே காலைல ஆறு மணிக்கு வர்றதுக்கு என்ன சாக்கு வச்சிருக்கே?"

அவர் மென்று விழுங்கினார். என்னைப் பார்த்தார். கூரை சொட்டுவதைப் பார்த்தார்.

"சாக்கு ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான் வருவேன்."

அம்மா அவர் தட்டில் இன்னும் இரண்டு சுருள் வைத்தாள். எட்டு, ஒன்பது. அவர் இரண்டையும் சாப்பிட்டார்.

நேற்று பள்ளிக்கூடம் திறந்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் ஒப்பந்தத் தாளை நீட்டினார். ஒரு வருடத்துக்கா, நிரந்தரமாகவா என்று இரண்டு கட்டங்கள். நான் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். நிரந்தரம் என்பது பெரிய சொல். அம்மா சுவரில் பிள்ளைகள் வரைந்த கரடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, ரயில் மூன்று மணிக்கு என்றாள்.

இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன்.

நீ மே முதல் தேதி கிளம்பு. தையல் மிஷினை மட்டும் மாடிக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போ, மேஜையை அவளே தள்ளிக்கொள்வாளாம். வான்கூவரில் கார்களுக்குப் பிளக் கிடையாதாம், எல்லாக் காலையும் எல்லாக் காரும் கிளம்புமாம். இதைக் கேட்டதும் ஆம்ப்ரோஸ் உன்னை நினைத்து வருத்தப்பட்டார். அங்கே ஒருவர் காருக்கு இன்னொருவர் என்னதான் செய்ய முடியும் என்கிறார்.

போய்ச் சேர்ந்ததும் முகவரி அனுப்பு.

உன்
ஓரிஸ்யா